க்ளைவ் வாயைத் திறந்த இடம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று எனக்கு எப்போதுமே குழப்பம். நான் கதை சொன்னால் கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிடும் என்பார் என் வீட்டுக்காரர் சவரிநாதன். ஆனாலும் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் திண்டிவனத்தில் இறங்கிவிடுவீர்கள். நான் விருத்தாசலம் போகிறேன், மகள் வீட்டுக்கு. இனிமேல் நாம் எங்கே பார்த்துக்கொள்ளப் போகிறோம்? நீங்கள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியபோது லேசாகக் கிடார் சத்தம் கேட்டது. அதனால்தான் வாயைத் திறந்தேன். என் பேரை மட்டும் கேட்காதீர்கள். கதையில் எப்படியும் வரும். வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெரம்பூரில் ரயில்வே ஆட்கள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. அப்பா மாதா கோயிலில் உபதேசியார். சாமியாருக்கு அடுத்தபடி ஊரை மிரட்டுகிற உத்தியோகம் அதுதான். அம்மாவுக்கு ஆஸ்துமா. எனக்குக் கீழே வரிசையாகத் தம்பி தங்கைகள். அதனால் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். வெளியே போக எனக்குக் கிடைத்த ஒரே சாக்கு கோயில் பாட்டுக் குழு. அங்கே மேல்குரல் நான்தான். கிறிஸ்துமஸ் பூசையில் கடைசிப் பாட்டில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது என் குரல் மட்டும் மேலே ஏறிப் போய் நிற்கும். ஒரு வருஷம் பீடத்திலிருந்து சாமியாரே திரும்பிப் பார்த்தார். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பூசைக்கு க்ளைவ் வந்திருந்தான். ஆங்கிலோ இந்தியப் பையன். அப்பா ரயில் டிரைவர். தோள் வரைக்கும் முடி. அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ராக் பேண்ட் ஒன்று வைத்திருந்தார்கள். பேர் சவுத் கேபின். ரயில்கள் நிற்கிற யார்டில் சிக்னல் போடுகிற கேபினுக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட் இருந்தது, அங்கேதான் வாசித்துப் பழகுவார்கள், அதனால் அந்தப் பேர். இதற்கு இன்ஜின் சத்தமே தேவலை என்று யார்டில் பேசிக்கொள்வார்கள். தெருவில் பெண்கள் அவர்களைப் பேய்கள் என்பார்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சத்தம்தான், சத்தத்துக்குள்ளே நல்ல ராகம் இருக்கும். பல்லவி வரும்போது ஆளையே நாற்காலியிலிருந்து தூக்குகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பல்லவியில்தான் க்ளைவுக்குச் சிக்கல். பாட்டு மேலே போகும், அவன் குரல் போகாது. பாதிப் படியில் நின்று கீறும். பூசை முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தி, அந்த மேல் இடத்தை மட்டும் நீ பாடித் தருவாயா என்று கேட்டான். பாடினேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்காதீர்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் கேட்டான், நான் பாடினேன், அவ்வளவுதான்.

வடபழனிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். மாதா பாட்டும் அம்மன் பாட்டும் பதிவு செய்கிற இடம். தவக்காலத்தில் வேலை இல்லாமல் கிடந்தது, அதனால் கிடைத்தது. நான் வீட்டில் பெரிய வியாழன் பாட்டுக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆங்கில வரியை க்ளைவ் வாயால் சொல்லிக் கொடுப்பான், நான் அப்படியே பாடுவேன். அர்த்தம் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். என் ஒருத்தியையே ஒரு கூட்டமாக்கிவிட்டார்கள். மாதா பாட்டுக்கு வைக்கிற எதிரொலியை என் குரலுக்கும் வைத்தார் அந்த ஸ்டுடியோக்காரர். கேட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? க்ளைவ் கீழே பாடிக்கொண்டே வருவான், அவன் குரலே விரிந்து மேலே போகிற மாதிரி இருக்கும். எங்கே அவன் முடிகிறான், எங்கே நான் தொடங்குகிறேன் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

ரயில்வே காலனி ஹாலில் கச்சேரி வைத்தால் நான் நீலத் திரைக்குப் பின்னால் நிற்பேன். பக்கத்தில் டீ கொதிக்கிற அண்டா. உபதேசியார் மகள் முடி வளர்த்த பையன்களோடு மேடையில் நின்று பாடுவதாவது! பல்லவி வரும்போது க்ளைவ் தலையைப் பின்னால் சாய்த்து, மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயை முழுசாகத் திறப்பான். நான் பாடுவேன். ஹாலே எழுந்து நிற்கும், அவனைப் பார்த்து. எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையின் இடுக்கு வழியாக அவன் சட்டையின் முதுகுதான், வேர்வையில் ஒட்டிக் கிடக்கும்.

கேசட் போடும்போது, அட்டையில் உன் பேரைப் போடட்டுமா என்று கேட்டான். அப்பா பார்த்தால் காலை முறித்து வீட்டில் போட்டுவிடுவார். போடாதே, சத்தியமாகப் போடாதே, என் மேல் ஆணை என்றேன். சரி என்று போடாமலே விட்டுவிட்டான். அவன் செய்ததைப் பார்த்தீர்களா? பந்தியில் ஒருத்தர் சோறு வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தால், சரி என்று அடுத்த இலைக்குப் போய்விடுவார்களா? இன்னும் ஒரு தடவை கேட்க மாட்டார்களா? மனிதர்கள் கேட்பார்கள். இவன் கேட்கவில்லை.

கேசட் ஓடவில்லை. சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்கள் இது இரைச்சல் என்றார்கள். இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிறவர்கள் பெரம்பூர் ஆட்கள் பாடினால் எவன் கேட்பான் என்றார்கள். பெட்டி பெட்டியாக க்ளைவின் மாமா வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்து பூஞ்சை பிடித்தது. பேண்ட் கலைந்தது. க்ளைவ் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், நான் போகவில்லை. தலைவலி. எனக்குச் சவரிநாதனைப் பேசி முடித்தார்கள். ஆவடிக்கு வந்தேன். அவருக்கு ஃபேக்டரியில் வேலை. நல்ல மனிதர். அத்தனை வருஷமும் அவரிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது? வெளியே யாரும் கேட்காத ஒரு கேசட்.

இப்படியே முப்பத்தைந்து வருஷம் போய்விட்டது. இப்படியே போயிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன வருஷம் கொஞ்ச மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்த என் மகள் ஜெனிட்டா ஃபோனை நீட்டினாள். அம்மா, பெரம்பூர்லேருந்து ஒரு பேண்டாம், ஸ்வீடன்ல ஒரு கம்பெனி இவங்க பழைய ஆல்பத்தைத் திரும்பப் போட்டிருக்காங்க, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். ரெட் சிக்னல் ஹார்ட். அதுதான் ஆல்பத்தின் பேர். அட்டையில் அந்தப் பழைய படமே, நாலு பையன்களும் தண்டவாளத்தில் நிற்கிற படம். கறுப்பு இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள். உலகம் பூராவும் இப்படித் தவறவிட்ட ராக் பேண்டுகளைத் தேடிப் பிடிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம். அவர்கள் எழுதியிருந்ததை ஜெனிட்டா எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். கிடாரைப் பற்றி ரெண்டு வரி, டிரம்மைப் பற்றி ஒரு வரி. மிச்சம் முழுக்க அந்தப் பல்லவிதான். க்ளைவின் குரல் தகரக் கூரையைத் திறந்துகொண்டு வானத்துக்குப் போகிறதாம். அந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆண் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லையாம்.

ஆண் குரல். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். குழம்பு அடிபிடித்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, எல்லோரையும் திட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே நினைப்புதான். பாத்திரம் தேய்த்தாலும் அதே நினைப்பு, செபமாலை உருட்டினாலும் அதே நினைப்பு. அவன் வாயைத் திறந்தான், நான் பாடினேன். அவன் வாயைத் திறந்தான், நான் பாடினேன்.

இசைத்தட்டு வெளியீட்டுக்குச் சென்னையில் ஒரு கச்சேரி வைத்தார்கள். அதற்காக க்ளைவ் பெர்த்திலிருந்து வந்தான். வந்தவன் எப்படியோ விசாரித்து ஆவடிக்கே வந்துவிட்டான். முடியெல்லாம் போய்விட்டது. தொப்பை. பிஸ்கட் டின் ஒன்றும் அந்த இசைத்தட்டும் கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். சவரிநாதன் அவனோடு உட்கார்ந்து காபி குடித்தார், பழைய ரயில் கதை பேசினார், சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் போனதும் ஜெனிட்டாவைக் கூப்பிட்டு, அட்டையின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கச் சொன்னேன். மைக் செட் போட்ட ஆள் பேர் இருக்கிறது. கேசட்டை அடுக்கி வைக்க இடம் கொடுத்த மாமா பேர் இருக்கிறது. கடைசியில், சின்ன எழுத்தில், நீலத் திரைக்குப் பின்னால் இருந்த E-க்கு, என்றென்றும் நன்றியுடன், க்ளைவ் என்று இருந்தது.

"அம்மா, எமல்டா. E. நீதானே அது?" என்றாள் ஜெனிட்டா. அப்போதுதான் அவளுக்கே தெரியும். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவளுக்கு.

எனக்குக் கலங்கவில்லை. ஒற்றை எழுத்தாம். தெருநாய்க்குக்கூட முழுப் பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஆணை போட்டது வரைக்கும் அன்றைக்குத்தான் ரெண்டு பேரிடமும் கொட்டித் தீர்த்தேன். நீ அன்னைக்கு வேண்டாம்னு ஆணை போட்டிருக்கே, அதை மீறாமலும் விடாமலும் அந்த மனுஷன் ஏதோ பண்ணியிருக்கார் என்றார் சவரிநாதன். அந்த மனுஷனாம். ஒரு காபி குடித்ததற்குள் சேர்ந்துவிட்டார்கள். அப்பா செத்தே பல வருஷம் ஆயிற்று. செத்தவருக்குப் பயந்து ஆணையைக் காப்பாற்றினானா?

மறுநாள் க்ளைவே ஃபோன் செய்தான். "எம்மி, ஷோவுல நீ வந்து பாடணும். நீ இல்லாம அந்தப் பாட்டு இல்ல."

"எங்க நின்னு?" என்று கேட்டேன்.

சிரித்தான். "ஃபர்ஸ்ட் நீ வா. பழைய மாதிரியே சைடுல நில்லு. கடைசிப் பாட்டுக்கு மத்ததை நான் பாத்துக்கறேன், என்னா?"

பழைய மாதிரியே. கேட்டீர்களா? இவ்வளவுக்கு அப்புறமும் திரைக்குப் பின்னால்தான். மற்றதை அவன் பார்த்துக்கொள்வானாம். என்ன பார்த்துக்கொள்வான்? கைதட்டலைப் பார்த்துக்கொள்வான். சரி என்றேன். ரொம்பப் பிரியமாகச் சரி என்றேன். ஃபோனை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

குரல் இருக்கிறதா என்று சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இருந்தது. கொஞ்சம் துருப் பிடித்திருந்தது. தினமும் வெந்நீர் குடித்து, மிளகு மென்று, மோரை நிறுத்தி, தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். ஒத்திகைக்குப் போனேன். பழைய கிடார்க்காரன் இறந்துவிட்டான். வாசிக்க எல்லாம் சின்னப் பையன்கள், என் மகளை விடச் சின்னவர்கள். ஸ்வீடனிலிருந்து லார்ஸ் என்று கம்பெனிக்காரன் வந்திருந்தான். நான் பாடினேன். ஒளித்து வைக்காமல் முழுசாகப் பாடினேன். நம்ப வைக்க வேண்டுமே. பாடி முடித்ததும் அந்த லார்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். க்ளைவ் அவனிடம் ஏதோ சொன்னான், ரெண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆங்கிலம் புரியாது என்று தைரியம்.

அப்போது அந்தக் கீபோர்டு பையன், அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் வயசாகிவிட்டது, சுருதியை ரெண்டு படி இறக்கிக்கொள்ளலாமே, அங்கிளும் கூடப் பாடலாம் என்றான். நல்ல பையன். க்ளைவ் தலையை ஆட்டினான். நான்தான் விடவில்லை. தட்டில் எந்தச் சுருதியோ அந்தச் சுருதியில்தான் பாட வேண்டும், இல்லாவிட்டால் கேட்க வருகிறவர்களுக்குத் துரோகம் என்றேன். லார்ஸுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவன் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினான்.

புரிகிறதா உங்களுக்கு? கீழே இறக்கினால் க்ளைவ் எப்படியாவது தொட்டுவிடுவான். அந்த உயரத்தில் அவனால் தொட முடியாது. அந்த உயரத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. அங்கே அவனைத் தனியாக நிறுத்த வேண்டும். அதுதான் என் திட்டம். ரத்தம் இல்லை, சண்டை இல்லை. நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. சும்மா இருக்கப் போகிறேன். சும்மா இருப்பது குற்றமா?

கச்சேரி எழும்பூரில் ஒரு ஹாலில். சாயங்காலமே கூட்டம். தாடி வைத்தவர்கள், கறுப்பு பனியன் போட்டவர்கள், வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர். பெரம்பூர் பழைய ஆட்களும் வந்திருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். திரைக்குப் பின்னால் நிற்கப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்காதீர்கள். கட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை திரை கறுப்பு. என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மேடை முழுக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாட்டிலிருந்து கடைசிக்கு முந்தின பாட்டு வரைக்கும் ஒழுங்காகப் பாடினேன். நன்றாகவே பாடினேன். ஒவ்வொரு பல்லவிக்கும் ஹாலில் ஓ என்று ஒரு சத்தம் எழும்பும். எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது என்றுகூடச் சொல்லலாம். அப்போது திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதே மாதிரி தலையைச் சாய்த்து, அதே மாதிரி மைக்கைத் தள்ளிப் பிடித்து, அதே முதுகு. இளகினது அப்படியே இறுகிவிட்டது.

கடைசிப் பாட்டு, ரெட் சிக்னல் ஹார்ட். க்ளைவ் கீழிருந்து பாடிக்கொண்டே வந்தான். பல்லவி வந்தது. வாயைத் திறந்தான்.

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

டிரம் அடிக்கிறது, கிடார் அடிக்கிறது, நடுவில் ஒரு பெரிய பள்ளம். எல்லோரும் ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டார்கள், படி இல்லை. அவன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். திரைப் பக்கம் திரும்பினான். எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டதோ என்று நினைத்த மாதிரி முகம். ரெண்டாவது தடவை பல்லவி வந்தது. தானே பாடப் பார்த்தான், பாவம். சேவல் கழுத்தைத் திருகின மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஃபோன்கள் எல்லாம் மேலே எழும்பின. நான் திரைக்குள்ளே நின்று பார்த்தேன். சோறு தண்ணி இல்லாமல் இன்னும் ரெண்டு நாள் நின்று பார்த்திருப்பேன்.

அவன் கையைத் தூக்கி வாத்தியத்தை நிறுத்தினான். மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினான். நடுவில் எமல்டா என்று முழுப் பேராக வந்தது. திரையை நோக்கிக் கையை நீட்டினான். என்னைக் காட்டிக்கொடுக்கிறான்! இவள்தான் வேண்டுமென்றே கெடுத்தாள் என்று இத்தனை பேர் முன்னால், கேமரா முன்னால் சொல்கிறான். மைக்கைக் கீழே வைத்தேன், செருப்பைக் கையில் எடுத்தேன், பின்பக்கப் படி வழியாக ஓடினேன். ஓடும்போது பின்னால் கைதட்டல். அப்படி ஒரு கைதட்டல். நிற்கவே இல்லை, தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒருத்தி மாட்டிக்கொண்டால் ஊர் கைதட்டத்தானே செய்யும்?

மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஜெனிட்டா ஃபோன். வீடியோ வந்திருக்கிறதாம். "அம்மா, நீ ஏம்மா ஓடின? இது என் குரல் இல்ல, அன்னைக்கும் இல்ல இன்னைக்கும் இல்ல, எமல்டாவோட குரல்னு சொல்லி அவர் உன்னை மேடைக்குக் கூப்பிடறாரும்மா. எல்லாரும் எழுந்து நின்னு உனக்காகக் காத்துட்டிருக்காங்க."

படித்த பெண். ஆனால் உலகம் தெரியாது. கூப்பிடத்தான் கூப்பிடுவான். மேடைக்கு வரவழைத்து, ஏன் பாடவில்லை என்று நாலு பேர் முன்னால் கேட்பான். ரெண்டு தடவை அசிங்கப்பட்ட பிறகுதானே என் பேர் ஞாபகம் வந்தது? முதலில் சொல்ல வேண்டியதுதானே? கடைசிப் பாட்டுக்குச் சொல்லலாம் என்று இருந்தானாம், அதற்காகத்தான் அந்த லார்ஸ் பூச்செண்டுகூட வாங்கி வைத்திருந்தானாம். சவரிநாதன் சொல்கிறார். க்ளைவ் அவரிடம் சொன்னானாம். எல்லாம் அப்புறம் ஜோடித்த கதை. வீடியோவை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

க்ளைவ் என்னைப் பார்க்க ரெண்டு தடவை வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. பெர்த்துக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. தெரியாத எண்ணிலிருந்தெல்லாம் ஃபோன். பாதிக்கு மேல் வெளிநாட்டு எண். எதையும் எடுக்கவில்லை. சவரிநாதன் பேப்பரைப் படித்துக்கொண்டே, "கம்பெனிக்காரன் கச்சேரியைக் கெடுத்ததுக்குக் கேஸ் போடுவான். உனக்கு இங்க இல்ல, ஸ்வீடன் ஜெயில்தான். அங்க ஏசி எல்லாம் உண்டு" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. ஒரு நாள் காலையில் போலீஸ்காரர் ஒருத்தர் எங்கள் கேட்டைத் தட்டினார். பக்கத்து வீட்டுப் பையனின் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தாராம். அவர் போகிற வரைக்கும் நான் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் கை தவறி ஒரு ஃபோனை எடுத்துவிட்டேன். தமிழ்ப் பெண்தான். பேர் நிரஞ்சனாவாம், அந்தக் கம்பெனிக்காகச் சென்னையில் பேசுகிறவளாம்.

"எமல்டா மேடம் இருக்காங்களா? அந்த ஆல்பத்துல பாடினது அவங்கதான்னு கன்ஃபர்ம் பண்ணணும்."

கன்ஃபர்ம். ஆமாம் என்றால் மாட்டினேன். இல்லை என்றால் வீடியோ இருக்கிறது.

"அவங்க தவறிட்டாங்க" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. எப்போது என்று கேட்டாள். போன புதன்கிழமை, நெஞ்சுவலி என்றேன். நீங்க யாரு என்றாள். தங்கச்சி என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முன்னே பின்னே பார்க்காத ஒருத்தி எனக்காக அழுகிறாள். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவள் அந்த எமல்டா என்று நினைத்துக்கொண்டேன்.

அழுது முடித்துவிட்டுச் சொல்கிறாள். தட்டை ரெண்டாவது தடவையாக அடிக்கப் போகிறார்களாம். க்ளைவ் சார் பிடிவாதமாக இருக்கிறாராம், முன் அட்டையிலேயே அவங்க பேர் வரணும், அவர் பேருக்குச் சமமாக வரணும் என்று. அதற்குச் சம்மதம் வாங்கத்தான் இத்தனை நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். இனி பேருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டு நினைவாக என்று போடுவோம், நல்ல படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள் என்றாள்.

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் யோசியுங்கள். செத்தேன் என்று பொய் சொன்னவள் உயிரோடு வந்தால் அதற்கு ஒரு தனிக் கேஸ் போட மாட்டார்களா? தேடி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே க்ளைவிடமிருந்து குரல் செய்தி வந்தது. எமல்டாவின் தங்கச்சிக்கு. அவன் அழுது நான் கேட்டதில்லை. "உங்க அக்கா குரல் இல்லன்னா அந்தப் பாட்டே இல்ல. அவ உயிரோட இருக்கும்போதே மேடையில அதைச் சொல்லிட்டேன், எனக்கு அது ஒன்னுதான் ஆறுதல். போகும்போது அதை அவ கேட்டாளா? அது மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்."

கேட்டாளா என்று கேட்கிறான். நான் பதில் அனுப்பவில்லை. தெரியாமலே கிடக்கட்டும். ராத்திரி படுக்கும்போது யோசிக்கட்டும், காலையில் எழுந்ததும் யோசிக்கட்டும். முப்பத்தைந்து வருஷம் நான் யோசிக்கவில்லையா? அந்தச் செய்தியை மட்டும் நான் அழிக்கவில்லை. அவ்வப்போது போட்டுக் கேட்பேன். அவன் நன்றாக அழுகிறானா என்று பார்க்கத்தான். நீங்கள் வேறு மாதிரி நினைக்காதீர்கள்.

ஆனால் பெர்த்திலிருந்து அவன், பெரம்பூரில் இருக்கிற தன் சித்தி மகனைத் துக்கம் விசாரிக்க ஆவடிக்கு அனுப்பப் போவதாகவும் சொல்லியிருந்தான். அவன் வந்தால் என்ன ஆகும்? சவரிநாதன் பொய் சொல்ல மாட்டார். ஏன், நானே போய்க் கதவைத் திறந்தாலும் திறந்துவிடுவேன். அதனால்தான் இன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவரை அவர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஜெனிட்டாவின் வாயைக் கட்ட வேண்டும், அது ஃபோனில் முடியாது, நேரில்தான் முடியும். அவளுக்கு அவள் அம்மா செத்துப்போனது இன்னும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல், இவர்கள் சந்தேகப்படாமல் இருக்க ஆதாரமாக ஒன்று வேண்டும் இல்லையா? நேற்று ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, சாவுக்கு என்று பேனர் அடிக்கிற கடை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் என் வயசுக்காரர். கண்ணீர் அஞ்சலி ஒன்று வேண்டும், கிறிஸ்தவங்க என்றேன். மேலே சிலுவை வைத்தார், ரெண்டு பக்கமும் புறா வைத்தார். கச்சேரி அன்றைக்குப் பட்டுப்புடவையில் ஜெனிட்டா எடுத்த என் படத்தைக் கொடுத்தேன். அதற்கு மாலை போட்டார். தோற்றம், மறைவு என்று தேதி கேட்டார், சொன்னேன். தட்டிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அக்கா தங்கச்சி உரிச்சு வெச்ச மாதிரி இருக்கீங்க என்றார். ஆமாம், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

அச்சடிக்க வேண்டாம், ஃபோனில் அனுப்பினால் போதும், ஸ்வீடனுக்கும் பெர்த்துக்கும் போக வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாவு வீட்டு ஆட்கள் எப்படியும் பேசுவார்கள் என்று விட்டுவிட்டார் போல.

"பேருக்குக் கீழ என்னா போடட்டும்மா? இல்லத்தரசியா?"

"பாடகின்னு போடுங்க" என்றேன்.

போட்டார். திரையில் பார்த்தேன். எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தது. பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினார். இன்னும் கொஞ்சம் என்றேன். பேரை விடப் பெரிசாயிடுமேம்மா என்றார்.

ஆகட்டும் என்றேன்.